தந்தை விட்டுச் சென்ற சஞ்சிகையும் மகன் படைத்த துப்பறிவாளரும்



சத்யஜித் ரே என்ற பெயரைச் சொன்னதும் உங்களில் மூத்தவர்களுக்குத் திரைப்படமே நினைவுக்கு வரும். 1955ஆம் ஆண்டில் வெளிவந்த 'பதேர் பாஞ்சாலி' என்ற வங்காளப் படத்தின் மூலம் உலகத்தின் பார்வையை இந்தியாவின் பக்கம் திருப்பியவர் அவர். ஆனால் கல்கத்தாவில் பள்ளிக்கூடம் போகும் ஒரு பிள்ளையிடம் அவரைப்பற்றிக் கேட்டுப் பாருங்கள். ஃபெலுதாவை எழுதியவர் என்றே பெரும்பாலும் பதில் கிடைக்கும். ஃபெலுதா என்பது அவர் பிள்ளைகளுக்காகப் படைத்த துப்பறிவாளரின் பெயர். அந்தத் துப்பறிவாளர் எப்படிப் பிறந்தார், அவரைப் படைத்தவர் ஏன் பிள்ளைகளுக்கு எழுத வந்தார் என்பதைத்தான் இவ்வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். இது ஒரு குடும்பத்தின் கதையுமாகும்.

சத்யஜித்தின் பாட்டனார் உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி 1863இல் பிறந்தவர். எழுத்தாளர், ஓவியர், வயலின் வாசிப்பவர். எல்லாவற்றுக்கும் மேலாக அச்சுத்தொழில் விற்பன்னர். புகைப்படங்களைச் சிறு சிறு புள்ளிகளாக்கிப் புளொக் செய்து அச்சிடும் முறையை இந்தியாவில் வளர்த்த முன்னோடிகளுள் ஒருவர். தம் சொந்த அச்சகத்திலே 1913ஆம் ஆண்டு அவர் பிள்ளைகளுக்கென ஒரு மாதச் சஞ்சிகையை ஆரம்பித்து, அதற்குச் 'சந்தேஷ்' என்று பெயரிட்டார். வங்காளத்தில் அச்சொல்லுக்குச் செய்தி என்றும் பொருள், பாலில் செய்யும் ஓர் இனிப்புப் பண்டம் என்றும் பொருள். நம் சிங்கள அயலவர் 'சந்தேசய' என்று சொல்வதைக் கேட்டுப் பழகிய உங்களுக்கு முதற்பொருள் எளிதில் விளங்கும். அறிவும் இனிப்பும் ஒரே பொட்டலத்தில் கிடைக்கும் என்பதே பெரியவரின் எண்ணம்.

1915இல் அவர் காலமானார். மகன் சுகுமார் ராய் சஞ்சிகையைக் கையேற்றார். இலண்டனில் அச்சுக்கலை பயின்று திரும்பியிருந்த சுகுமார், பொருளற்றது போலத் தோன்றிச் சிரிக்க வைக்கும் பாடல்களை எழுதுவதில் ஈடற்றவர். ஆனால் 1921இல், ஒரே பிள்ளையான சத்யஜித் பிறந்த அதே ஆண்டில், அவரைக் காலா அஸார் என்னும் கொடிய காய்ச்சல் பற்றிக்கொண்டது. அக்காலத்தில் அதற்குத் தக்க மருந்து இல்லை. இரண்டாண்டுகளுக்கு மேலாக நோய்ப் படுக்கையில் கிடந்தபடியே அவர் சந்தேஷுக்கு எழுதினார், படம் வரைந்தார், தம் பாடல் நூலின் அச்சுப் பக்கங்களைத் தாமே ஒழுங்கு செய்தார். 1923 செப்டெம்பரில் அவர் கண்ணை மூடினார். 'ஆபோல் தாபோல்' என்ற அந்த நூல் அச்சகத்திலிருந்து வெளியே வந்தபோது ஆசிரியர் இறந்து சில நாட்களே ஆகியிருந்தன. வங்காளத்தில் அதைப் படிக்காமல் வளரும் பிள்ளை அரிது.

மகனுக்கு அப்போது இரண்டரை வயது. தந்தையைப்பற்றி அவருக்கு இருந்த நேரடி நினைவு ஒன்றே ஒன்று. கங்கைக்கரையில் ஓய்வுக்காகத் தங்கியிருந்த வீட்டில், சன்னலோரம் அமர்ந்து படம் வரைந்துகொண்டிருந்த தந்தை, ஆற்றில் ஒரு கப்பல் போகிறது என்று அவரிடம் சொன்னாராம். அவ்வளவுதான். முகம் புகைப்படத்திலிருந்தும் குரல் பிறர் சொல்லக் கேட்டும் வந்தவை. கப்பல் ஒன்று மாத்திரமே அவருடைய சொந்தச் சொத்து. கடலுக்குப் போன தந்தையை இழந்த பிள்ளைகள் நம் கற்பிட்டி, சிலாபக் கரைகளிலும் உண்டு. இத்தகைய ஒரு நினைவை எத்தனை ஆண்டுகள் பொத்திவைக்கலாம் என்பதை அவர்கள் அறிவார்கள்.

அச்சகத்தின் நினைவுகள் மட்டும் அவருக்கு ஏராளமாக இருந்தன. வீட்டின் ஒரு பகுதிதான் அச்சகம். மையும் டர்பன்டைன் எண்ணெயும் மணக்கும் அந்தக் கூடத்தில் சிறுவன் ஓடித் திரிவான். கடதாசியில் எதையாவது கிறுக்கிக்கொண்டு புளொக் செய்யும் தொழிலாளியிடம் போய், இது சந்தேஷில் வரவேண்டும் என்று நீட்டுவான். அவரும் தலையசைத்து வாங்கிக்கொண்டு, சிறுவனைத் தூக்கிப் பெரிய கமெராவுக்குள் அந்தப் படம் தலைகீழாகத் தெரிவதைக் காட்டுவார். இதையெல்லாம் பிற்காலத்தில் தம் பிள்ளைப்பருவ நினைவுகளை எழுதிய நூலில் அவரே விவரித்திருக்கிறார்.

அந்தப் படம் சந்தேஷில் வரவில்லை. தந்தை மறைந்து சில ஆண்டுகளில் நிறுவனம் கடனில் மூழ்கியது. அச்சகம் கைமாறியது, வீடு போயிற்று, சஞ்சிகை நின்றது. சிற்றப்பா ஒருவர் 1930களில் அதை மீண்டும் நடத்த முயன்றும் நிலைக்கவில்லை. தாய் சுப்ரபா, ஐந்தாறு வயது மகனைக் கையில் பிடித்துக்கொண்டு தம் சகோதரர் வீட்டுக்குக் குடிபெயர்ந்தார். பெரிய குடும்பத்து மருமகளாக வாழ்ந்தவர், கைம்பெண்களுக்கான ஒரு நிறுவனத்தில் தையலும் கைவேலையும் கற்பிக்கும் வேலைக்குத் தினமும் பஸ்ஸில் போய்வந்தார். மகனை ஆரம்பத்தில் பாடசாலைக்கு அனுப்பாமல் தாமே படிப்பித்தார். சத்யஜித் ரேயின் திறமைகளைப் பாட்டனார், தந்தை வழியாகக் கணக்கிடுவோர் இந்தத் தாயை மறந்துவிடுகிறார்கள். அது நியாயமல்ல என்பது என் எண்ணம்.

அவருடைய இளமைக்காலத்தை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். கல்கத்தா பிரெசிடென்சிக் கல்லூரியில் பட்டம். தாயின் விருப்பத்துக்கிணங்கத் தாகூரின் சாந்திநிகேதனில் ஓவியப் பயிற்சி. 1943இல் ஓர் ஆங்கிலேய விளம்பர நிறுவனத்தில் மாதம் 80 ரூபா சம்பளத்துக்கு வேலை. அத்துடன் நூல்களுக்கு அட்டைப்படமும் வரைந்தார். 'பதேர் பாஞ்சாலி' நாவலைப் பிள்ளைகளுக்காகச் சுருக்கி வெளியிட்டபோது அதற்குப் படம் வரைந்தவர் அவரே. அப்போது மனத்தில் விழுந்த விதைதான் பின்னர் திரைப்படமாக முளைத்தது. ஆக, அவருடைய சினிமாவும் ஒரு சிறுவர் நூலிலிருந்தே தொடங்கியது என்று சொல்லலாம். 1949இல் பிஜயாவை மணந்தார். 1953இல் சந்தீப் என்ற மகன் பிறந்தான்.

இனி நம் விடயத்துக்கு வருவோம். 1961 மே மாதம், தம் நாற்பதாவது பிறந்தநாளை அடுத்து, கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயவோடு சேர்ந்து அவர் சந்தேஷை மீண்டும் வெளியிட்டார். அப்போது அவர் உலகப்புகழ் பெற்ற இயக்குநர். எந்த நாட்டிலும் போய்ப் படமெடுக்கலாம். அவரோ நின்றுபோன ஒரு சிறுவர் சஞ்சிகைக்குப் பக்கம் நிரப்பத் தொடங்கினார். இலாபம் வராது என்பது தெரிந்ததே. சில காலத்தில் அதை ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் பொறுப்பில் விட்டு, தந்தையின் ஒன்றுவிட்ட சகோதரியான எழுத்தாளர் லீலா மஜும்தாரையும், உறவுச் சகோதரியான நளினி தாஸையும் ஆசிரியர் குழுவில் சேர்த்துக்கொண்டார். அட்டையை அவரே வரைந்தார், தலைப்பு எழுத்துக்களையும் அவரே அமைத்தார், வாசகர்களான பிள்ளைகளுக்குப் புதிர்களும் போட்டார்.

சஞ்சிகை நடத்திய எவருக்கும் தெரியும், பக்கங்கள் ஒவ்வொரு மாதமும் பசியோடு வாயைத் திறந்துகொண்டு நிற்கும். அந்தப் பசிதான் ரேயைக் கதாசிரியராக்கியது. அதுவரை வங்காளத்தில் அவர் கதை எழுதுவதைத் தொழிலாகக் கொண்டதில்லை. முதலில் ஆங்கில வேடிக்கைப் பாடல்களை மொழிபெயர்த்தார். பிறகு ஷொங்கு என்ற விசித்திர விஞ்ஞானியின் நாட்குறிப்பை எழுதினார். வேற்றுக்கிரகவாசி ஒருவர் கிராமத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவரைச் சந்திக்கும் கதையை 1962இல் எழுதினார். பாடசாலைக் காலத்திலேயே ஷெர்லொக் ஹோம்ஸ் கதைகள் முழுவதையும் படித்து முடித்தவர் என்பதால், துப்பறியும் கதையின் பக்கம் அவர் திரும்பியது வியப்பன்று. 1965ஆம் ஆண்டின் இறுதியில் சந்தேஷில் தொடங்கி மூன்று இதழ்களில் வெளிவந்தது முதல் ஃபெலுதா கதை.

டார்ஜிலிங் மலையில் விடுமுறைக்கு வந்த இடத்தில், ஒரு முதியவருக்கு வந்த மிரட்டல் கடிதம்தான் அக்கதையின் பொருள். கொலை இல்லை. இரத்தம் இல்லை. துப்பறிவாளரின் முழுப்பெயர் பிரதோஷ் சந்திர மித்ரா, வீட்டுப்பெயர் ஃபெலு. 'தா' என்பது 'தாதா' என்பதன் சுருக்கம்; நாம் அண்ணன் என்கிறோமே, அதுதான். கதையைச் சொல்பவன் அவருடைய சிற்றப்பா மகன் தொப்ஷே, பதின்மூன்று பதினான்கு வயதுப் பையன். இந்த ஏற்பாட்டில்தான் ரேயின் சூட்சுமம் இருக்கிறது. ஹோம்ஸின் வீரச்செயல்களைச் சொல்ல ஒரு டொக்டர் இருந்தார். இங்கே சொல்பவன் வாசகனின் வயதுடையவன். வாசிக்கும் பிள்ளை தொப்ஷேயின் இடத்தில் அமர்ந்துகொண்டு, அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது. தந்தையில்லாமல் வளர்ந்த ஒருவர், பிள்ளைகளுக்குத் தந்தையைப் படைக்காமல் ஓர் அண்ணனைப் படைத்தாரே என்று நான் பலமுறை நினைத்ததுண்டு. இதற்கு அவர் விளக்கம் எதுவும் தரவில்லை; நானும் வற்புறுத்தமாட்டேன்.

பெற்றோர்களே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். பிள்ளைகள் துப்பறியும் கதை படித்தால் கெட்டுவிடுவார்கள் என்ற பயம் நம் வீடுகளில் நெடுங்காலமாக உண்டு. தலையணைக்குக் கீழே ஒளித்துவைத்துப் படித்தவர்கள் இன்று பாட்டன் பாட்டிகளாக இருக்கிறார்கள்! பயத்துக்குக் காரணமும் இல்லாமலில்லை. கடைகளில் தொங்கிய மலிவு நாவல்களின் அட்டைகளே போதும். ரே அந்தப் பயத்தை அலட்சியம் செய்யவில்லை. பெரியவர்களின் கள்ளக்காதலும் அதனால் விளையும் குற்றங்களும் தம் கதைகளில் வரலாகாது, வன்முறை மிகக் குறைவாகவே வரலாம் என்று தமக்குத்தாமே வேலி போட்டுக்கொண்டார். அந்த வேலிக்குள் நின்று மர்மக்கதை எழுதுவது எளிதன்று என்பதைத் தம் நூலின் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு எழுதிய முன்னுரையில் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டு, வயது வந்த வாசகர்கள் அதை மனத்திற்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். பிள்ளைகளுக்காக எழுதியதை அவர்களுடைய பெற்றோரும் பறித்துப் படிக்கிறார்கள் என்பது அதற்குள் அவருக்குத் தெரிந்துவிட்டிருந்தது.

கொலையும் காமமும் இல்லாவிட்டால் மர்மத்துக்கு எங்கே போவது? ரே பொருட்களின் பக்கம் திரும்பினார். பழைய மோதிரம், கையெழுத்துப் பிரதி, ஓவியம், வெங்கலச் சிலை, நெப்போலியன் எழுதிய கடிதம் என்று ஏதேனும் ஒன்றைச் சுற்றியே கதை சுழலும். அந்தப் பொருளின் வரலாறு கதையோடு சேர்ந்து பிள்ளையின் மண்டைக்குள் ஏறிவிடும். 1973இல் எழுதிய கதை ஒன்றில், புவனேஸ்வரத்துப் பழங்கோயிலிலிருந்து வெட்டியெடுத்த சிற்பத் தலை ஒன்று வெளிநாட்டவருக்கு விற்கப்படுவதைத் துரத்திக்கொண்டு ஃபெலுதா எல்லோராக் குகைகள் வரை போகிறார். தெய்வச் சிலைகளும் பழம்பொருட்களும் கடல் கடந்து விற்பனைக்குப் போவது வெறும் கற்பனையன்று என்பதைப் பத்திரிகை படிக்கும் அனைவரும் அறிவர். ஒரு நாட்டின் முதுசத்தைத் திருடுவது மனிதனைக் குத்துவதற்குக் குறைந்த குற்றமல்ல என்ற கோபம் அக்கதையில் கனன்றுகொண்டிருக்கிறது.

இடங்களைப்பற்றியும் ஒரு சொல். லக்னோ, காங்டொக், காசி, காத்மண்டு என்று ஒவ்வொரு கதையும் ஓர் உண்மையான ஊரில் நடக்கும். தெரு, கோட்டை, புகைவண்டி நேரம் யாவும் சரியாக இருக்கும். ஃபெலுதா நம் பக்கம் வந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று எண்ணிப் பார்ப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. கற்பிட்டியில் 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் கட்டிய கோட்டை, வெயிலில் மினுங்கும் புத்தளத்து உப்பளங்கள், தெருவிலே தம் பாட்டில் திரியும் கழுதைகள், தலவில பெருநாள் சனத்திரளில் காணாமற்போகும் ஒரு பெட்டி. இவ்வளவும் கைக்கெட்டிய தூரத்தில் கிடக்க, நம் இளைஞர்களின் கதைகள் இன்னும் இலண்டன் மூடுபனியில்தான் தொடங்குகின்றன.

1971இல் வந்த 'சோனார் கெல்லா', அதாவது தங்கக் கோட்டை, ஃபெலுதா வரிசையில் ஒரு திருப்பம். முற்பிறவியில் தான் ஒரு தங்கக் கோட்டையில் வாழ்ந்ததாகவும், அங்கே இரத்தினங்கள் புதைந்திருப்பதாகவும் பிதற்றும் சிறுவன் ஒருவன். அவனைக் கடத்திச் செல்லும் பேராசைக்காரர்கள். அவனுக்காகக் கவலைப்படும் புத்தகக்கடைக்காரத் தந்தை. முற்பிறவி என்பது நம் விசுவாசத்துக்கு உடன்பாடானதன்று. கதையின் உயிர்நாடியோ அதுவல்ல. ஒரு பிள்ளையின் பேச்சைப் பணமாக்க நினைக்கும் பெரியவர்களே அங்கு விசாரணைக்கூண்டில் நிற்கிறார்கள். இக்கதையில்தான் ஜடாயு என்ற புனைபெயருடைய லால்மோகன் கங்குலி வந்து சேருகிறார். மலிவு விலை மர்ம நாவல்களை எழுதிப் பணம் சம்பாதிக்கும், நல்ல மனமும் அரைகுறை அறிவும் கொண்ட அப்பாவி எழுத்தாளர் இவர். ஒட்டகம் தண்ணீர் சேமிப்பதைப்பற்றி இவர் தவறாக எழுதியதைக்கூட ஃபெலுதாதான் திருத்துகிறார். தம் தொழிலையே இப்படிக் கேலி செய்யத் துணிந்த கதாசிரியர்கள் எத்தனை பேர்?

1974இல் ரே இதைத் திரைப்படமாக்கியபோது, மஞ்சள் கல்லால் ஆன ஜெய்சல்மேர் கோட்டை வங்காளிகளின் யாத்திரைத் தலம் போலாகிவிட்டது. இன்றும் அக்கோட்டையை அப்பெயராலேயே அழைக்கிறார்கள். ஃபெலுதாவாகச் சௌமித்ர சட்டர்ஜியும் ஜடாயுவாகச் சந்தோஷ் தத்தாவும் நடித்தார்கள். அதன் பிறகு கதைகளுக்கு ரே வரைந்த படங்களில் ஜடாயுவின் முகம் தத்தாவின் முகமாகவே மாறியது. 1988இல் தத்தா இறந்ததும், அவரில்லாமல் இனி ஃபெலுதா படம் எடுப்பதில்லை என்று ரே விட்டுவிட்டார்.

நம் நாட்டோடும் அவருக்குத் தொடர்பு இருந்தது. கத்தோலிக்கரான நம் இயக்குநர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அவருடைய நண்பர். 1965இல் புதுடில்லித் திரைப்பட விழாவில் லெஸ்டரின் 'கம்பெரலிய' தங்க மயில் விருதைப் பெற்றபோது நடுவர் குழுவின் தலைவராக அமர்ந்திருந்தவர் ரே. மேலே சொன்ன வேற்றுக்கிரகவாசிக் கதையைப் படமாக்கும் எண்ணம், கொழும்பில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க்குடன் ஏற்பட்ட பழக்கத்தால் வளர்ந்தது. முதலாவது வண்ணச் சிங்களப் படமான 'ரன் முத்து தூவ'வை இயக்கிய மைக் வில்சன் 1967இல் அதற்காகக் கல்கத்தாவுக்கே போனார். ஹொலிவூட்டும் முன்வந்தது. உரிமைச் சிக்கல்களில் எல்லாம் குலைந்து, படம் எடுக்கப்படாமலே போயிற்று. சந்தேஷில் சிறுவர்களுக்காக எழுதிய சில பக்கங்கள் அமெரிக்கா வரை போய்த் திரும்பின. கல்கத்தாவில் சித்திரபாணி என்ற தொடர்புசாதன நிலையத்தை 1970இல் நிறுவிய இயேசு சபைக் குரு கஸ்தோன் ரொபேர்ஜும் ரேயின் நெருங்கிய நண்பர்களுள் ஒருவர்.

இனி ஒரு வியப்பான செய்தி. உலகம் போற்றிய அந்தப் படங்களால் ரேயின் வீட்டு அடுப்பு எரியவில்லை. அவருடைய படங்கள் குறைந்த செலவில், குறைந்த வருமானத்தோடு வந்தவை. குடும்பத்தைத் தாங்கியது பெரும்பாலும் நூல்களின் வருவாயே. அதிலும் முதன்மையானவர் ஃபெலுதா. 1970 முதல் 'தேஷ்' பத்திரிகையின் பூஜை மலருக்கு அநேகமாக ஆண்டுக்கு ஒரு ஃபெலுதா நாவல் என்ற கட்டாயம் ஏற்பட்டது. தந்தையின் நின்றுபோன சஞ்சிகையைக் காப்பாற்றப் போன மகனை, அந்தச் சஞ்சிகையில் பிறந்த பிள்ளை காப்பாற்றியது.

1983இல் மாரடைப்பு. சில ஆண்டுகள் அவரால் படம் இயக்க முடியவில்லை. எழுத்து மட்டும் நிற்கவில்லை. ஆனால் உள்ளதைச் சொன்னால், கடைசிக் கதைகளில் பழைய மெருகு குறைந்தே இருந்தது. அதை அவரும் அறிந்திருந்தார். 1990இல் எழுதிய கதையின் தொடக்கத்தில், இப்போதெல்லாம் உங்கள் கதைகள் முன்போல் இல்லை என்று குறைகூறும் வாசகர் கடிதங்களைப் படித்து ஃபெலுதாவே மனம் சோர்ந்து உட்கார்ந்திருக்கிறார். இன்னும் இரண்டு குறைகளை நானும் சொல்லிவிடுகிறேன். ஃபெலுதா ஓயாமல் சிகரெட் பிடிக்கிறார். இது பெற்றோருக்குப் பிடிக்காது. பெண்பிள்ளைகளுக்கு அந்தக் கதைகளில் இடமே இல்லை எனலாம். நல்லவேளையாக அதே சந்தேஷில் நளினி தாஸ் நான்கு மாணவிகளைத் துப்பறிவாளர்களாக்கி எழுதிவந்தார். வீட்டில் மகள் இருந்தால் அந்தத் தொகுதியையும் தேடுங்கள் என்று சொல்லியிருப்பேன். அது தமிழில் கைக்கெட்டாது. ஃபெலுதாவோ சென்னையிலிருந்து தமிழிலேயே வந்திருக்கிறார்.

1992இல் சிறப்பு ஒஸ்கார் விருது அவரைத் தேடி வந்தபோது அவர் கல்கத்தா மருத்துவமனையில் படுக்கையில் இருந்தார். சிலையைக் கையில் பிடித்துக்கொண்டு, படுத்தபடியே நன்றி கூறினார். அதே காலத்தில் பாரத ரத்னா விருதும் வழங்கப்பட்டது. ஏப்ரில் 23ஆம் நாள் காலமானார். அதுவரை எழுதி முடித்த ஃபெலுதா கதைகள் 35. பாதியில் விட்டவை சிலவும் அவருடைய குறிப்பேடுகளில் கிடந்தன. சந்தேஷ் மகன் சந்தீப்பின் கைக்குப் போயிற்று. முடித்து வைத்திருந்த கதைகளுள் வெளிவராதிருந்த ஒன்று, அவர் மறைந்து சில ஆண்டுகளுக்குப் பின், பாட்டனார் தொடங்கிய அதே சந்தேஷில் அச்சேறியது.